காட்டுரிமை மனு: ஊரும் வல்லுநரும் ஒரே பாயில் உட்கார்ந்து எழுதுவது எப்படி?

மலையூர் ஒன்றுக்கு முதல்முறை ஏறியபோது என் லேப்டாப்பில் காட்டுரிமை மனுவுக்கான மேப் ஏற்கெனவே தயாராக இருந்தது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, ஊரைச் சுற்றி அழகாக ஓர் எல்லைக்கோடு போட்டு வைத்திருந்தேன். ஊர்த் தலைவரான மூப்பன் அதை வெகுநேரம் பார்த்தார். "சாமி வெளியே போயிருச்சே" என்றார். நான் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை. வருஷத்துக்கு ஒருமுறை ஊரே போய்ப் பொங்கல் வைக்கிற பாறை. என் படத்தில் அது வெறும் சாம்பல் நிறப் புள்ளி. லேப்டாப்பை மூடிவிட்டு நடக்கப் போனோம். நடந்து முடிக்க நாலு நாள் ஆயிற்று. பரப்பு, நான் போட்டதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது.

சட்டம் படித்தவர், சர்வே தெரிந்தவர், டாக்டர், பேராசிரியர், பத்திரிகைக்காரர் என்று ஏதோ ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு "மக்களுக்கு ஏதாவது செய்யணும்" என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படி வருகிறவர்களிடம் எதைக் கேட்டு வாங்குவது, எதைக் கையில் கொடுக்கக் கூடாது என்று யோசிக்கும் ஊர்த் தலைவர்களுக்கும் பயன்படும்.

எடுத்துக்காட்டாக 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். காரணம் எளிது. ஊர் முடிவு செய்யும், அதிகாரிகள் சரிபார்ப்பார்கள் என்று வேலையைப் பிரித்து எழுதியே வைத்திருக்கும் சட்டம் அது. அந்தப் பிரிவினையை வல்லுநர்கள் மதித்தால் மனு ஊருடையதாக நிற்கும். மதிக்காவிட்டால் ஜெயித்தாலும் அது 'சார் வாங்கிக் கொடுத்த பட்டா' ஆகிவிடும்.

சட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 13.12.2005-க்கு முன்பிருந்தே காட்டில் வாழ்கிற, காட்டை நம்பிப் பிழைக்கிற பழங்குடியினருக்கும் பிற பாரம்பரிய வனவாசிகளுக்கும் இந்தச் சட்டம் உரிமையை அங்கீகரிக்கிறது. குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை பயிர்நிலம், குடியிருப்பு. ஊருக்குப் பொதுவாகச் சிறு வன மகசூல் (தேன், கடுக்காய், மூங்கில் போன்றவை), மேய்ச்சல், நீர். இவற்றோடு, வழிவழியாகப் பாதுகாத்துவந்த காட்டைத் தாங்களே நிர்வகிக்கிற 'சமூக வன வள உரிமை'. விதிகள் 2008 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 2012 செப்டம்பரில் பெரிய அளவில் திருத்தப்பட்டன. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவால் பட்டா கொடுப்பது தடைபட்டு, 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் வழி திறந்தது. நம்முடைய ஊர்களில் மனுக்கள் இத்தனை தாமதமாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதல் படி: யார் கூப்பிட்டு வந்தீர்கள்?

'விழிப்புணர்வு முகாம்' என்று பேனர் கட்டிப் போகாதீர்கள். ஊரிலிருந்து ஒருவராவது, ஒரு சங்கமாவது கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லையென்றால் முதல் நாலைந்து பயணங்கள் வெறும் விருந்தாளியாகத்தான். டீ குடிக்கலாம், கேட்கலாம். நோட்டை எடுக்க வேண்டாம்.

கூப்பிட்டவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஊர்த் தலைவர் ஒருவர் கூப்பிட்டால் ஊரே கூப்பிட்டதாக ஆகாது. மூப்பனுக்கு ஒரு மரியாதை உண்டு, அதைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் மூப்பன் வீட்டுத் திண்ணையோடு உங்கள் உறவு நின்றுபோனால், ஊரின் மேற்கோடியில் இருக்கும் நாலு வீடுகளும், விறகுக்குப் போகிற பெண்களும், வேறு சாதி என்பதால் தள்ளி வைக்கப்பட்டவர்களும் மனுவில் வரமாட்டார்கள். இரண்டாவது பயணத்திலேயே தண்ணீர் பிடிக்கிற இடத்துக்குப் போய் உட்காருங்கள். ஊரின் இன்னொரு பாதி அங்கேதான் பேசுகிறது.

இந்த இடத்திலேயே மூன்று விஷயங்களை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: சம்பளம் யார் தருகிறார்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், உங்களால் முடியாதது என்ன. "பட்டா வாங்கித் தருகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.

இரண்டாம் படி: சட்டத்தைச் சேர்ந்து படிப்பது

எனக்குத் தெரிந்து இந்தியாவிலேயே இதைச் செவ்வையாகச் செய்த ஊர் மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் இருக்கும் மேண்டா லேகா. கோண்டு ஆதிவாசிகளின் சிற்றூர். ஊரில் தேவாஜி தோஃபா. வெளியிலிருந்து வந்தவர் மோகன் ஹிராபாய் ஹிராலால் என்ற சமூக ஊழியர். இருவரையும் சேர்த்துவைத்தது 'அப்யாஸ் கட்' என்கிற படிப்பு வட்டம். சட்டம், மூங்கில், கணக்கு என்று எதைப்பற்றியும் அதில் உட்கார்ந்து படிப்பார்கள். வெளியாட்களும் வரலாம், பேசலாம், வாதாடலாம். ஆனால் படிப்பு வட்டத்துக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. முடிவு கிராம சபையில், அதுவும் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு. "டில்லியிலும் மும்பையிலும் எங்கள் சர்க்கார், எங்கள் ஊரில் நாங்களே சர்க்கார்" என்பது அந்த ஊரின் முழக்கம். 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை வாங்கி, நாட்டிலேயே முதலில் வாங்கிய ஊர்களில் ஒன்றாக ஆனது.

இந்தப் பிரிவினைதான் சூட்சுமம். வல்லுநர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும். ஆனால் அந்த இடத்தில் முடிவு நடக்கக் கூடாது. படித்தவர் பேசி முடித்தவுடனே "சரிதானே, கை தூக்குங்க" என்று கேட்டால் எல்லோரும் தூக்குவார்கள். மரியாதைக்குத் தூக்கிய கை அது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். வாரம் ஒருநாள், சாயங்காலம், வேலை முடிந்து எல்லோரும் திரும்பிய பிறகு. ஒரு நாளைக்கு ஒரு பிரிவு, அதற்குமேல் வேண்டாம். படிப்பது ஊரின் இளைஞரோ பள்ளிக்கூடம் போன பெண்ணோ. விளக்குவது அவர்கள் பாஷையில். வக்கீல் ஓரமாக உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். பவர்பாயிண்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

மூன்றாம் படி: 'கிராம சபை' என்றால் எந்தச் சபை?

நிறைய மனுக்கள் இங்கேதான் தடம் புரள்கின்றன. நம் ஊராட்சிகள் பெரியவை. பத்துப் பதினைந்து குக்கிராமங்கள் சேர்ந்து ஓர் ஊராட்சி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் அடிவாரத்தில் நடக்கிற சபைக்கு மலைமேலிருந்து எத்தனை பேர் இறங்கிவர முடியும்? வந்தாலும் அங்கே அவர்கள் சிறுபான்மை. காட்டில் கால் வைக்காதவர்கள் காட்டைப்பற்றிக் கை தூக்குவார்கள்.

மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 12.7.2012 அன்று அனுப்பிய வழிகாட்டுதலில் இதற்கு விடை இருக்கிறது: ஊராட்சி பெரிதாக இருக்கும் இடங்களில் வன உரிமைக்கான கிராம சபையைக் குக்கிராம அளவிலோ பாரம்பரிய ஊர் அளவிலோ கூட்ட வேண்டும். அந்தத் தாளை அச்சிட்டு, ஊராட்சித் தலைவர், ஊராட்சி செயலர், பி.டி.ஓ. மூவருக்கும் ஊரின் கையெழுத்தோடு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வக்கீல் பெயரில் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். ஊராட்சி செயலர் எதிரி அல்ல. அவரும் வேலைப்பளுவில் மூச்சுத் திணறுகிறவர். நேரில் போய் விளக்கினால் பாதிப் பேர் ஒத்துழைப்பார்கள்.

நான்காம் படி: வன உரிமைக் குழு

மனுக்களை வாங்கிச் சரிபார்க்கும் இந்தக் குழுவுக்குக் கிராம சபையின் முதல் கூட்டத்தில் 10 முதல் 15 பேர் வரை தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கினராவது பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கினராவது பெண்கள். வெளியாட்களுக்கு இதில் இடமில்லை. இருக்கவும் கூடாது. 'ஆலோசகர்' என்று உங்கள் பெயரைத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்வார்கள். அன்பாக மறுத்துவிடுங்கள்.

பெண்கள் பெயரை எண்ணிக்கைக்காக எழுதிவிட்டு, கூட்டத்துக்குக் கணவர்கள் வருவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். இதை அறிவுரையால் மாற்ற முடிவதில்லை, வேலையால் மாறும். கிழங்கு, கீரை, சீமார்ப்புல், கடுக்காய் எங்கே எடுக்கிறார்கள் என்ற கணக்கு பெண்களிடம்தான் இருக்கிறது. அந்தப் பகுதி இல்லாமல் மனு நிறைவடையாது. பொறுப்பை அவர்கள் பெயரில் எழுதிவிட்டால் கணவர் வந்து உட்கார்ந்து பிரயோஜனமில்லை.

ஐந்தாம் படி: சாட்சியம் சேர்ப்பது

வல்லுநர்களுக்கு உண்மையான வேலை இங்கேதான். விதி 13 சாட்சியங்களை நீளமாகப் பட்டியலிடுகிறது. ஒரு மனுவுக்குக் குறைந்தது இரண்டு வேண்டும். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கவலையில்லை. வரப்பு, கிணறு, சுடுகாடு, கோயில், பழைய வீட்டின் அஸ்திவாரம் எல்லாமே சாட்சியம். மனு போடாத பெரியவர் ஒருவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சாட்சியம். வம்சாவளியும் சாட்சியம்.

யார் யார் எதைச் செய்யலாம் என்று பார்ப்போம்.

பேராசிரியர், ஆய்வு மாணவர்: எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஊர்க்காரர்கள் போய்வருவது கஷ்டம். நீங்கள் போகலாம். பழைய மாவட்டக் கெசட்டியர்கள், செட்டில்மெண்ட் அறிக்கைகள், 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின் கீழ் காடுகளை 'ரிசர்வ்' ஆக்கியபோது எழுதிய கோப்புகள், வனத்துறையின் பழைய செயல்திட்டங்கள் என்று எல்லாவற்றிலும் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். ஒரு ஊர் இருந்ததை மறுக்கிறவர்களின் சொந்தக் கோப்பிலேயே "இங்கே இத்தனை குடிசைகள்" என்று இருக்கும். தேடுவதற்கு முன் மூப்பனிடம் ஊரின் பழைய பெயர்களைக் கேட்டுக்கொண்டு போங்கள். வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான்.

வக்கீல்: டிரங்குப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லுங்கள். வனத்துறை போட்ட அபராத ரசீது, மேய்ச்சல் வரி ரசீது, வருவாய்த்துறையின் பி-மெமோ (அரசு நில ஆக்கிரமிப்பு நோட்டீஸ்), பழைய வழக்கின் சம்மன். ஊரார் இவற்றை அவமானமாக நினைத்து ஒளித்து வைத்திருப்பார்கள். 1980-இல் 'ஆக்கிரமித்தாய்' என்று எழுதிய ரசீது, 1980-இல் இவர் அங்கேதான் இருந்தார் என்பதற்கு அரசே கொடுத்த அத்தாட்சி. இதை ஒருமுறை விளக்கிச் சொன்னால் மறுநாள் காலையில் வரிசையில் நிற்பார்கள். அசலை நீங்கள் எடுத்துப் போகாதீர்கள். ஊரிலேயே போனில் படமெடுத்து, அசலை அப்போதே பெட்டியில் போடுங்கள்.

டாக்டர், நர்ஸ்: இவர்களுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றும். மருந்துச் செடி எடுக்கிற இடங்களும் விதி 13-இல் சாட்சியம்தான். ஊரின் வைத்தியரோடு நடந்து அதைப் பதிவு செய்வது ஒன்று. அதைவிடப் பெரிய பாடம் தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலைகளை ஒட்டிய சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993 வாக்கில் அங்கே மருத்துவம் தொடங்கியபோது, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்து நர்ஸாகவும் ஊர்ச் சுகாதாரப் பணியாளராகவும் ஆக்கினார்கள். அந்த வேலையிலிருந்தே இயற்கை விவசாயிகளின் சங்கமும் லம்பாடிப் பெண்களின் எம்பிராய்டரித் தொழிலும் பிறந்தன. காட்டுரிமை வேலையிலும் அதே கணக்குதான். ஜி.பி.எஸ். பிடிக்க, படிவம் நிரப்ப, விதிப்புத்தகம் புரட்ட ஊரில் நாலு பேருக்குக் கற்றுக் கொடுக்காமல் கிளம்பினால் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

இங்கே ஒரு முள் இருக்கிறது. பிற பாரம்பரிய வனவாசிகள் (பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள்) என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மலையாளி சமூகத்தை (கேரளத்தவர் அல்ல, இங்கத்திய மலைவாழ் மக்கள்) எடுத்துக்கொள்ளுங்கள்: சேலத்திலும் தர்மபுரியிலும் பழங்குடி, ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் அதே மக்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. மலை ஒன்று, மக்கள் ஒன்று, சாட்சியத்தின் சுமை மட்டும் வேறு. அதே மலைகளில் தலித்துகளும் லிங்காயத்துகளும் வாழ்கிறார்கள். 'சான்றிதழ் இருப்பவர் மனு சீக்கிரம் போகட்டும், மற்றவர் அப்புறம்' என்று பிரித்தால் ஊர் அன்றே இரண்டாகும். சமூக உரிமைக்கான மனுவில் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து, 75 ஆண்டுக் கணக்குக்கான ஆவணத் தேடலுக்கு வல்லுநர்கள் கூடுதல் நேரம் ஒதுக்குவதுதான் நியாயமான வழி. இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஊர்ப் பெரியவர்களே சில நேரம் தள்ளிப்போடச் சொல்வார்கள். அப்போது மட்டும் வாயைத் திறந்து பேசுங்கள்.

ஆறாம் படி: நடந்து மேப் போடுவது

முதலில் தரையில், கோலப்பொடியாலும் குச்சியாலும் கல்லாலும். ஆண்கள் ஒரு மேப், பெண்கள் ஒரு மேப், மாடு மேய்க்கிற சிறுவர்கள் ஒரு மேப். மூன்றும் ஒன்றுபோல் வராது. வராததுதான் நமக்கு வேண்டியது. தேன் பாறை ஆண்கள் வரைந்ததில் இருக்கும். நூரைக்கிழங்கு தோண்டுகிற சரிவு பெண்கள் வரைந்ததில் மட்டும் இருக்கும். மாடுகள் தண்ணீர் குடிக்கிற பள்ளம் சிறுவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். மூன்றையும் சேர்த்த பிறகு காகிதத்தில்.

பிறகு நடை. முன்னால் ஊர்க்காரர், பின்னால் நீங்கள். ஜி.பி.எஸ். கருவியை ஊர் இளைஞர் கையில் கொடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் அவர்கள் சொல்லுகிற பெயரையே எழுதுங்கள். 'பாறை 1, பாறை 2' என்று எழுதியது நான் செய்த இன்னொரு தவறு. பெயர்தான் உரிமைக்கு முதல் சாட்சி. யாரும் போகாத இடத்துக்கு யாரும் பெயர் வைப்பதில்லை.

எல்லை அடுத்த ஊரைத் தொடும்போது நில்லுங்கள். அங்கே கோடு போடும் உரிமை உங்களுக்கும் இல்லை, இந்த ஊருக்கும் தனியாக இல்லை. இரண்டு ஊர்களின் பாரம்பரிய எல்லைகள் மோதினால் இரண்டு வன உரிமைக் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து, யார் எப்படி அனுபவிக்கிறார்கள் என்று பேசி எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று விதி 12 சொல்கிறது. இரு ஊர்ப் பெரியவர்களுக்கும் இது புதிதல்ல. எத்தனையோ தலைமுறையாக மேய்ச்சலை அப்படித்தான் பேசித் தீர்த்திருக்கிறார்கள். சர்வேயர் வாயை மூடிக்கொண்டு இருப்பதே பெரிய உதவி. பருவத்துக்கு மட்டும் வந்துபோகிற மேய்ச்சல்காரர்களின் உரிமையை அவர்கள் இருக்கும்போதுதான் சரிபார்க்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. காலண்டரில் குறித்து வையுங்கள்.

செயற்கைக்கோள் படம் வேண்டாமா? வேண்டும், கடைசியில். நடந்து எடுத்த புள்ளிகளை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். தொழில்நுட்பம் மற்ற சாட்சியங்களுக்குத் துணைதான், மாற்று ஆகாது என்று 2012 திருத்த விதிகளே சொல்கின்றன. வனத்துறை, வருவாய்த்துறை மேப்புகளையும் வாக்காளர் பட்டியலையும் கொடுப்பது, கிராம சபைக்கு அடுத்த மட்டத்தில் மனுக்களை ஆராயும் உட்கோட்டக் குழுவின் கடமை. முதலில் அந்த விதியைச் சுட்டி எழுதிக் கேளுங்கள், தராவிட்டால் ஆர்.டி.ஐ.

ஏழாம் படி: படிவம்

தனிநபர் உரிமைக்குப் படிவம் 'அ', சமூக உரிமைகளுக்கு 'ஆ', சமூக வன வளத்துக்கு 'இ'. ஆங்கிலத்தில் ஏ, பி, சி. இலவசமாகத்தான் கிடைக்க வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள். பட்டாவும் இருவர் பெயரில்தான் வரும். கையெழுத்து நல்ல கையெழுத்தாக இருக்க வேண்டும் என்பதற்காக நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான், இதில் வேறு ரகசியம் இல்லை.

எட்டாம் படி: கள ஆய்வும் தீர்மானமும்

வன உரிமைக் குழு தேதி குறித்து, வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். ரேஞ்சரும் வி.ஏ.ஓ.வும் வந்து, பார்த்து, பதவியோடு கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால்? பிற்பாடு "நாங்கள் இல்லாதபோது நடந்தது" என்று ஆட்சேபித்தால் மனு மறு ஆய்வுக்குக் கிராம சபைக்கே திரும்பும். அப்போதும் வராவிட்டால் கிராம சபை சொன்னதே முடிவு. விதி 12அ இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே ஆய்வுத் தேதிக் கடிதத்தின் ஒப்புகைச் சீட்டு பொன்னைப்போல. மூன்று பிரதி எடுத்து மூன்று வீடுகளில் வையுங்கள்.

"இது புலிகள் காப்பகம், இங்கே இந்தச் சட்டம் செல்லாது" என்று களத்தில் யாராவது சொல்வார்கள். சட்டத்தின் 'வன நிலம்' என்ற வரையறையில் சரணாலயமும் தேசியப் பூங்காவும் அடங்கும். இதை வக்கீல் சொல்வதைவிட, படிப்பு வட்டத்தில் படித்த பெண் ஒருத்தி பிரிவு எண்ணோடு சொல்வது வேறு மாதிரி இறங்கும். நான் பார்த்திருக்கிறேன். ஃபாரஸ்ட் கார்டு தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

தீர்மானம் போடும் கிராம சபையில் மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேராவது இருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். மனுதாரர்களில் பாதிப்பேராவது நேரிலோ பிரதிநிதி மூலமோ இருக்க வேண்டும். தலைகளை எண்ணி மினிட் புத்தகத்தில் எழுதுங்கள். கோரம் குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல மனுவும் திரும்பிவரும்.

ஒன்பதாம் படி: மேலே போன பிறகு

தீர்மானம் உட்கோட்டக் குழுவுக்கும், அங்கிருந்து கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். காத்திருப்பு நீளும். ஊரில் சலிப்பு தட்டும், வெளியாட்கள் மெல்லக் காணாமல் போவார்கள். கூட்டுவேலை உடைவது பெரும்பாலும் இங்கேதான். சண்டையால் அல்ல, மௌனத்தால்.

எத்தனை காலம் நிற்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொள்ள, அரூர் பக்கத்து வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளலாம். 20.6.1992 அன்று சந்தன மரச் சோதனை என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய வன்முறை. 18 பெண்கள் மீது பாலியல் வன்கொடுமை. ஊர்ப் பெண்களின் வாக்குமூலம், கூடவே நின்ற மலைவாழ் மக்கள் சங்கம், வழக்கை நடத்திய வக்கீல்கள் என்று எல்லோரும் சேர்ந்து இழுத்த தேர் அது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் சொன்னது 29.9.2011-இல். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 29.9.2023-இல். முப்பத்தோரு வருஷம். இத்தனை காலத்துக்கு எந்தத் தனி வக்கீலும், எந்தத் தனித் தலைவரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே கோப்பு ஆளை நம்பி இருக்கக் கூடாது. ஒவ்வொரு கடிதத்தின் நகலும் ஊரில் இருக்க வேண்டும். நீங்கள் போய் வேறொருவர் வந்தால், மூப்பன் அவரிடம் பெட்டியைத் திறந்து காட்ட முடிய வேண்டும்.

நிராகரித்தால்: காரணத்தை எழுத்தில், மனுதாரரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும். உட்கோட்டக் குழுவின் முடிவை எதிர்த்து 60 நாட்களுக்குள் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். மேலும் 30 நாள் நீட்டிக்க முடியும். வாய்மொழியாக "தள்ளுபடி ஆயிருச்சு" என்று சொன்னால் நம்ப வேண்டாம், தாளைக் கேளுங்கள். இது ஏன் முக்கியம்? 13.2.2019 அன்று உச்ச நீதிமன்றம், மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்த பிறகு பிப்ரவரி 28-ஆம் தேதி அதையே நிறுத்திவைத்தது. அந்த இரண்டு வாரமும், எந்த மனு முறையாக நிராகரிக்கப்பட்டது, எது யாரிடமும் சொல்லாமல் மூடப்பட்டது என்று தெரியாமல் ஊர்கள் தவித்தன. தாள் இருந்தவர்கள் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

சமூக வன வள உரிமை எதுவுமே ஒரு ஊருக்கு அங்கீகரிக்கப்படவில்லையென்றால், அதற்கான காரணத்தை மாவட்டக் குழுவின் செயலாளர் பதிவுசெய்ய வேண்டும் என்று விதி 12ஆ சொல்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்: "ஏன் தரவில்லை என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" கேட்பவர் ஊர்க்காரராக இருக்கட்டும். திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனுவோடு போகும்போது நீங்கள் வரிசையில் பின்னால் நில்லுங்கள். கலெக்டர் ஆங்கிலத்தில் உங்களைப் பார்த்துப் பேசினால், தமிழில் பதில் சொல்லி மூப்பனைப் பார்க்கச் செய்யுங்கள்.

பத்திரிகை, போட்டோ, விருது பற்றியும் ஒரு வார்த்தை. பேட்டி யார் கொடுப்பது என்பதைக் கிராம சபை முடிவு செய்யட்டும். உங்கள் ஆய்வுக் கட்டுரையில் தேன் பாறை எங்கே, மருந்துச் செடி எங்கே என்று மேப்போடு போட்டுவிடாதீர்கள். அடுத்த மாதமே லாரி வரும்.

பத்தாம் படி: பட்டயம் (உரிமைப் பத்திரம்) கைக்கு வந்த பிறகு

பெரும்பாலான வல்லுநர்கள் விழா மேடையோடு இறங்கிவிடுகிறார்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது. அங்கீகரித்த உரிமையை வருவாய், வனப் பதிவேடுகளில் மூன்று மாதத்துக்குள் ஏற்ற வேண்டும்; ஏறியதா என்று பார்த்து நகல் வாங்குங்கள். பட்டயம் வாரிசுகளுக்குச் செல்லும், விற்க முடியாது என்பதை ஊரில் ஒருமுறை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபை தன் குழுவை அமைக்க வேண்டும். அந்தக் குழு எழுதும் மேலாண்மைத் திட்டத்துக்குத் தாவரவியல் படித்தவர் உதவலாம்: எந்த மரத்தில் எத்தனை காய் விட்டுவைத்தால் அடுத்த வருஷம் முளைக்கும், தீத்தடுப்புக் கோடு எங்கே போடுவது, உண்ணிச்செடியை எப்படி ஒழிப்பது. பெரியவர்களுக்குத் தெரிந்ததும் இவருக்குத் தெரிந்ததும் ஒத்துப்போகாத இடங்களில் இரண்டு சின்னத் துண்டு நிலத்தில் இரண்டையும் செய்து பார்க்கலாம். ஒரு மழைக்காலம் போனால் தெரிந்துவிடும்.

சிறு வன மகசூலை வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு கொடுக்கும் அதிகாரமும் திருத்த விதிகளின்படி கிராம சபையின் குழுவுக்குத்தான். மேண்டா லேகாவில் பட்டயம் 2009-இல் வந்தும், மூங்கிலை வெளியே கொண்டுபோகும் அனுமதிப் புத்தகம் ஊரின் கைக்கு வந்தது 2011 ஏப்ரலில்தான், மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்த பிறகு. காகிதத்தில் உரிமை, செக்போஸ்டில் லாரி மடக்கம் என்று இரண்டு வருஷம் ஓடியது. ஆகவே அனுமதிச் சீட்டுப் புத்தகத்தை அச்சடிப்பது, அதன் மாதிரியை டி.எஃப்.ஓ. (மாவட்ட வன அலுவலர்) அலுவலகத்துக்கும் செக்போஸ்ட்டுகளுக்கும் முன்கூட்டியே அனுப்புவது, கையெழுத்துப் போடப்போவது யார், முத்திரை யார் வீட்டில் இருக்கும் என்பதைத் தீர்மானமாக எழுதுவது, இவையெல்லாம் பட்டயம் வரும் முன்பே பேசி முடிக்கவேண்டியவை.

நான் முதலில் சொன்ன ஊரின் மனு இன்னும் மாவட்டக் குழுவில்தான் இருக்கிறது. போன மாதம் மூப்பன் போன் செய்து, ரப்பர் ஸ்டாம்பில் ஊர்ப் பெயருக்கு வல்லின 'ற'வா, இடையின 'ர'வா என்று கேட்டார். தெரியவில்லை, உங்கள் பாட்டி எப்படிச் சொல்வார் என்று கேட்டேன். ஸ்டாம்பு கடைக்காரரிடம் போனைக் கொடுத்து, மூன்று முறை அந்தப் பெயரைச் சொல்லிக் காட்டினார்.